காவல் கோழி

"பறவைக் காய்ச்சலுக்கும் ஊசி போடுங்க டாக்டர்."

தமிழ்நிலா கேட்டேவிட்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள். "அந்தப் பேரை மட்டும் எடுக்காத. எடுத்தா மொத்தக் கோழியையும் புடிச்சிக்கினு போயிடுவாங்க."

நெய்வேலியில் அன்று கோழிக்கழிச்சல் ஊசி முகாம். கூடைகளோடு நின்ற வரிசை சட்டென்று அமைதியானது. கோழிகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

"அஞ்சாவதுதான் படிக்குது. அதுக்குள்ள கலெக்டர் ஆயிடுச்சி," என்றார் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுச் சிங்காரவேலு மாமா.

கால்நடை மருத்துவர் கண்ணகி சிரிக்கவில்லை. "அந்த ஊசிக்கு இங்க அனுமதி இல்லம்மா. போடலாமா வேணாமான்னு படிச்சவங்களே சண்டை போடறாங்க."

"எதுக்குச் சண்டை? போட்டா கோழி பொழைக்கும்ல?"

"பொழைக்கும். அதனால போடணும்னு ஒரு பக்கம் சொல்றாங்க. ஆனா ஊசி போட்ட கோழி, உள்ள கிருமியை வெச்சுக்கிட்டே வெளியில நல்லா மேயலாம். தெரியாமலே பரவிடும்னு இன்னொரு பக்கம் பயப்படறாங்க."

"அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கிறது?"

"ஊசி போடற சில இடங்கள்ல, கொஞ்சம் கோழிகளை மட்டும் போடாம விடுவாங்க. காவல் கோழி மாதிரி. அது சுணங்கினா உஷார் ஆயிடுவாங்க."

தமிழ்நிலாவுக்குக் கறுப்பி ஞாபகம் வந்தது. இரண்டு நாளாகக் கூண்டில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறது. 'மைன்ஸ் தூசி ஒத்துக்கல' என்று நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டாள் அம்மா. அந்தத் தெருவில் இருமலுக்கும் தூசிதான் காரணம், தும்மலுக்கும் தூசிதான். கணக்கில் மார்க் குறைந்தபோது தமிழ்நிலாவும் அதையே சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"எங்க வூட்லயும் ஒரு காவல் கோழி இருக்குதுங்க," என்றாள்.

பக்கத்தில் நின்ற அம்மா அவள் கையைக் கிள்ளினாள். "வாயை மூடுடி. அது தூசி."

"தூசின்னா கொண்டை ஏம்மா நீலமா இருக்குது?"

மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார். "அந்தக் கோழியை யாரும் தொடாதீங்க. உன் கூடையையும் அந்த ஓரமா வை. மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். வேற நோயாவும் இருக்கலாம். பறவைக் காய்ச்சலாவே இருந்தா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க, உன் கோழி ஒண்ணுகூட மிஞ்சாது. தெரியுமில்ல?"

தமிழ்நிலாவிடம் ஒன்பது கோழிகள். ஒன்பதுக்கும் அவள்தான் பெயர் வைத்தாள்.

வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை கூடைகள். சிங்காரவேலு மாமா தன் கூடையை இறுக்கிப் பிடித்திருந்தார். இப்போது அவர் கிண்டல் செய்யவில்லை.

"அவசரப்படாத பாப்பா. யோசிச்சு வீட்டைக் காட்டு..." என்று மருத்துவர் தொடங்கினார்.

தமிழ்நிலா அதற்குள் முகாம் வாசலைத் தாண்டியிருந்தாள்.

"பச்சைக் கதவு வூடுங்க. நான் முன்னால போறேன், பின்னாலயே வாங்க."