ஃபிளாஸ்க் மூடிக்காக ஒரு சண்டை

மழைக்கு ஒதுங்கியவள் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் கூடத்துக்குள் அவள் நுழைந்ததுமே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். மேஜைமேல் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்தான். ஒரு சோதனைக்காக அதைத் திறந்து காட்ட வேண்டுமாம். அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பானாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பாவின் பட்டறையில் செய்த ஃபிளாஸ்க் அது. மூடி அவள் கைவண்ணம். கூடத்தோடு சேர்ந்து அதை மெருகேற்றலாம் என்று முன்பே அனுப்பிவைத்திருந்தார்கள்; அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தாள். சொல்லியிருக்கலாம்... ஆனால் ஆவலை ஒளிக்கத் தெரியாத அந்தக் கண்கள்...

பக்கவாட்டில் அழுத்தி, அரைச் சுற்று திருப்பினாள். திறந்துகொண்டது.

“அட... காலையிலேர்ந்து திறந்தது நீங்க ஒருத்தர்தான்” என்றான். வந்தவர்கள் எல்லாரும் பல்லால் கடிக்காத குறையாம். “இந்த மூடியைச் செஞ்ச ஆளுக்கு யார் மேலயோ பயங்கரக் கோபம்.”

“இப்ப உங்க மேலதான். செஞ்சது நான்.”

அவன் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள், இந்தக் கூட்டு வேலையே வேண்டாம் என்று ஃபிளாஸ்க்கோடு மழையில் இறங்கிவிட்டாள்.

பட்டறையில் அப்பா, மூடிக்கு அச்சு வெட்டக் கொடுக்கத் தயாராக இருந்தார். வெட்டிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. கொடுத்துவிடுங்கள் என்று பொரிந்து தள்ளியவள், ஃபிளாஸ்க்கைக் கழுவச் சொல்லி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா ஈரக் கையால் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா பேச்சை நிறுத்தாமலே திறந்து கொடுத்தார்.

“எப்பவும் இப்படித்தானாம்மா?”

“எனக்கு எங்க வருது? அதான் உங்கப்பா இருக்காரே.”

வாங்குகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் அப்பாவை அனுப்ப முடியாதே!

மறுநாள், அச்சு வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, கோபத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி அவன் முன்னால் போய் நின்றாள். அதன்பின் அவன் தினமும் பட்டறைக்கு வந்தான். ஈரக் கை வழுக்காமல் இருக்க மூடியில் ஒரு வரிப்பள்ளம் வேண்டும் என்பான், வேண்டாம் என்பாள். அவன் சட்டையில் இரும்புத்தூள், அவள் மனசில் படபடப்பு... அவன் வண்டிச் சத்தம் கேட்காத காலையில் எதுவும் ஓடவில்லை அவளுக்கு.

கடைசியில், சோப்பு நுரைக் கையோடு அம்மாவே புது மூடியைத் திறந்துவிட்டாள். அச்சு வெட்டக் கொடுத்தாகிவிட்டது.

அன்று மாலை, பையைத் தோளில் மாட்டிய பிறகும் அவன் வாசலைவிட்டு நகரவில்லை.

“வேலை முடிஞ்சிடுச்சு... இனிமே இங்க வர்றதுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு யோசிக்கிறேன்.”

“கிடைச்சுதா?”

“ஒண்ணே ஒண்ணுதான். உங்களைப் பிடிச்சிருக்குங்க.”

காதுவரை சூடேறியது அவளுக்கு. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அங்க எங்கப்பா லேத்தை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவர்கிட்டயும் சொல்லிடுங்க... எனக்குச் சம்மதம்ங்கறதையும் சேர்த்தே.”