கூடப் பார்த்தவள்

சாயங்காலம் ஏழு மணிக்கு நயினார் சுவர்த்திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் உச்சியில் இருந்த கண்ணளவிக்குத் தன் இரண்டு கண்களையும் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ஓசூரிலும் ஒரு ஜோடிக் கண்கள் வந்து சேர்ந்துவிட்டன என்று அதற்குப் பொருள். "வந்துட்டேன்," என்றது அவர் மனைவி வடிவின் குரல். அதன் பிறகுதான் படம் ஓடத் தொடங்கியது. ஒருவர் தனியாக உட்கார்ந்தால் ஓடாது. அது சட்டம்.

அன்றைக்குத் திமிங்கலத்தைப் பற்றிய ஆவணப்படம். தூத்துக்குடியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் ஆலையில் நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு, அந்தக் கடலில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை இருக்காதா? ஒரு வாரமாகக் காத்திருந்தார். முதலில் ஒரு படகைக் காட்டினார்கள். பிறகு படகைக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார்கள். பிறகு கயிறு திரிக்கும் ஊரையும் அந்த ஊரின் சூரிய உதயத்தையும் நிதானமாகக் காட்டினார்கள். 'இன்னும் சற்று நேரத்தில், ஆழ்கடலின் பேருயிர்' என்று பின்னணியில் ஒருவர் உருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருவழியாகக் கடல் வந்தது. அதில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"திமிங்கலம் லீவு போட்டிருக்கும்," என்றாள் வடிவு. நயினார் வாய்விட்டுச் சிரித்தார். உண்மையைச் சொல்லப்போனால், இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மிச்ச நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் நெட்வொர்க் ஒவ்வொருவருக்கும் அவரவர் மனசுக்குத் தோதாகத் தனித்தனிப் படம் தயாரித்துக் கொடுத்ததாம். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு உலகத்தைப் பார்த்து, நாலு விதமாக நம்பி, கடைசியில் அடிதடியில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் கூட்டுப் பார்வைச் சட்டம். இணையத்தில் எதைப் பார்ப்பதானாலும் காட்சி உரிமம் வேண்டும். உரிமம் குடும்பத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர், ஒரே நேரத்தில், ஒரே படத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்கள் எதைச் சொல்லியும் சண்டை போட்டுவிடக் கூடாதே என்று, படத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அரசர்களை எடுத்தார்கள், அணைக்கட்டுகளை எடுத்தார்கள், இப்போது திமிங்கலத்தையும் எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு எது மிஞ்சியதோ அதற்குத்தான் ஆவணப்படம் என்று பெயர்.

வடிவு வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. தப்பு முழுக்க நயினாருடையது. ஓசூரில் விமான உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் அவளுக்குப் பெரிய வேலை கிடைத்தது. அழைப்பு வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். நயினார் என்ன செய்தார் தெரியுமா? வீட்டு இயந்திரத்தில் அவளுடைய குரலைப் போட்டு, தனக்கு விருப்பமில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளாகவே பதில் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அது அவளுக்குத் தெரிந்தது. சண்டை போடவில்லை. நேரில் போய்ப் பேசி, நழுவிய வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "போன் பண்ணாதிய. வராதிய," என்றதோடு சரி.

உரிமம் மட்டும் இரண்டு பேர் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட அவளுக்கும் மனசில்லை, அவருக்கும் மனசில்லை. ஆகவே தினமும் ஒரு மணி நேரம், படத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். பழைய விஷயத்தை இருவருமே தொடவில்லை. மன்னிப்புக் கேட்க நயினார் எத்தனையோ தடவை வாயெடுத்து, கயிறு நல்லாருக்கு என்று சொல்லி முடித்திருக்கிறார்.

திமிங்கலம் வராததை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் உரிம அலுவலகத்துக்குப் போய்விட்டார். புகார்ப் பிரிவில் ஜெஸிந்தா என்ற இளம்பெண் இருந்தாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சேர்ந்து பார்த்த இருவரும் ஏமாந்தால்தான் அது ஏமாற்றம், ஒருவர் மட்டும் ஏமாந்தால் அது அவருடைய சொந்த ரசனை, ஆகவே இரண்டு பேரும் சேர்ந்துதான் புகார் தர வேண்டும் என்றாள். யார் கூடப் பார்த்தது என்று கேட்டாள். என் பெண்சாதி, ஓசூரிலிருந்து, என்றார் நயினார்.

ஜெஸிந்தா திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, உங்க உரிமத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கிய."

அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல நயினாருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இல்லாத குடும்பம் தானாகவே இரண்டு குடும்பமாகிவிடுமாம். அறிவிப்பு வந்திருக்கும், சம்மதம் என்று அவரும் அழுத்தியிருப்பார், படிக்காமல் அழுத்துகிற நூறு சம்மதங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஒற்றை ஆள் படம் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. அதற்காக அரசாங்கமே ஒரு துணைக்குரலைக் கொடுக்கிறது. சட்டப்படி அது ஓர் ஆள். திடுக்கென்று இருக்கக் கூடாதே என்று, முன்பு கூடப் பார்த்தவரின் குரலையும் பேச்சையுமே அதற்குக் கொடுத்துவிடுவார்கள்.

"அது என்னைய ஏசுதே, தாயி," என்றார் நயினார்.

"அவங்க முன்னாடி ஏசியிருப்பாங்க, அண்ணாச்சி."

அப்படியானால் அந்த ஆளையே புகாரில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தான் ஏன் அதைக் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. துணைக்குரலுக்கு ஏமாற்றம் வராது, அதனால் சேர்க்க முடியாது என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தார். எந்தச் சிரிப்புவரை வடிவு சிரித்தாள், எந்தச் சிரிப்பிலிருந்து அது சிரித்தது? கோடு கிழிக்க முடியவில்லை. ஒருவேளை அலுவலகத்தில்தான் தவறாகச் சொல்லிவிட்டார்களோ? ஏழு மணிக்கு வழக்கம்போல் உட்கார்ந்தார். பச்சை விளக்கு எரிந்தது. "நீ நெசமாவே வடிவுதானா?" என்று கேட்டார்.

"ஏன், ஓசூர்ல உங்களுக்கு வேற எவ இருக்கா?"

வடிவு இருந்தால் அப்படியேதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவருக்குப் பயமாகிவிட்டது. குரலை நம்பிப் பயனில்லை, ஆளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று காலையில் அதிவேக ரயிலைப் பிடித்தார். வாசலிலேயே அவள் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்த வடிவு கொஞ்சம் இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவள் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. உள்ளே வரச் சொல்லி, உட்காரச் சொல்லி, காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். மழைக்காலத்திலேயே வருவதாகச் சொல்லிவிட்டு இத்தனை நாளா என்று லேசாகக் கடிந்துகொண்டாள். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க அப்படி மன்னிப்புக் கேப்பியன்னு நான் நெனைக்கவே இல்ல," என்றாள் வடிவு. "ரெண்டு நாள் அழுதேன். அழுது முடிச்சப்ப மனசுல ஒண்ணுமே இல்ல. சரி, வந்து சேரட்டும்னு இருந்துட்டேன்."

நயினாருக்கு அப்போதுதான் உறைத்தது. உரிமம் இரண்டாகப் பிரிந்தது அவளுக்கும் தெரியாது. இங்கேயும் ஒரு துணைக்குரல், ஒரு நயினார், தினமும் ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். அவர் மூன்று வருஷமாகச் சொல்ல முடியாததை அவன் ஒரு மழை நாளில் சொல்லி முடித்துவிட்டான்.

ஒரு தலையாட்டல் போதும். அவர் ஆட்டினால் மூன்று வருஷம் அத்தோடு முடிந்துவிடும், அவள் பெட்டியைக் கட்டினாலும் கட்டுவாள், இல்லை இவரை இங்கேயே இருக்கச் சொல்லுவாள். காப்பியைக் கீழே வைத்தார். அவள் குரலில் தான் பேசியதற்குத்தான் இந்தத் தண்டனை. இப்போது தன் குரலில் இன்னொன்று பேசியதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அது மறுபடியும் அதே திருட்டு இல்லையா? ஆனால் ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

"அது நான் இல்ல, வடிவு."

எல்லாவற்றையும் சொன்னார். திமிங்கலத்திலிருந்து தொடங்கியதால் முதலில் அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அது என்னதான் சொன்னது என்று நயினார் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"‘உன் குரலை எடுத்து உன் வாயை அடைச்சிட்டேன். இப்ப இந்த வீட்டுல என் பேச்சை நானே கேட்டுக்கிட்டுக் கிடக்கேன்’னு சொல்லுச்சு."

ஏழு ஜென்மம் எடுத்தாலும் தன் வாயில் அப்படி வராது என்று நயினாருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"பயம்தான், வடிவு. நீ அங்க போனா என்னைய மறந்துருவியோன்னு பயம். அதான் அப்படிச் செஞ்சிட்டேன். தப்பு. தப்புத்தான்."

"அது இதைவிட நல்லாச் சொல்லுச்சு," என்றாள் வடிவு.

"சொல்லும். அதுக்குப் பயம் இல்லேல்லா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நிஜமாகவே வழி தெரியாமல் நிற்கிறவளைப் போல அவரைப் பார்த்தாள்.

"இப்ப நான் என்ன செய்ய? மன்னிச்சாச்சு. அழுது முடிச்சாச்சு. எல்லாத்தையும் அதுக்கிட்டயே குடுத்துட்டேன். இப்பதான் நீங்க வந்து கேக்கிய. உங்களுக்குன்னு என்கிட்ட கோபங்கூட மிச்சமில்லையே."

போ என்றும் அவள் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கோபமாவது இருந்திருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று நயினாருக்குத் தெரிந்திருக்கும்.