கட்டி இருந்த இடம்

அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில் பினாயில் வாடை மூச்சை அடைத்தது. என் மனைவிக்கு அது அரைகுறையாகத்தான் தெரிந்தது. சில மாதங்களாகவே அவளுக்கு இடது மூக்கில் அடைப்பு, அடிக்கடி ரத்தம்.

டாக்டரம்மா மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கினுள் விட்டுப் பார்த்தார். திரையில் செக்கச் செவேலென்று ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ரத்தக் குழாய்கள் சேர்ந்து வளர்ந்த சதைதான், ஆனால் சோதனைக்கென்று கிள்ளினால்கூட ரத்தம் நிற்காது என்றார். முதலில் ஸ்கேன். பிறகு தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்க வேண்டும். அப்புறம் மூக்கு வழியாகவே அதை எடுத்துவிடலாம்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதைக் கேள்விப்பட்டிருக்கேன் டாக்டர். தொடையைச் சுத்திக்கூடத் தொடுவீங்களா?" என்றாள் அவள். டாக்டர் சிரித்துவிட்டார்.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது.

ஆனால் வீடு திரும்பியதிலிருந்து அவள் இளைத்துக்கொண்டே போனாள். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு பேசினாலே வாங்கியது. நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்றன பரிசோதனைகள்.

"ஏங்க, நான் இழுக்கிற காத்து எனக்கு வந்து சேரலைங்க."

மறுபடி அதே அறை. காயம் ஆறி, உள்ளே வழி சுத்தமாக இருந்தது. மூச்சுப் பட்டுக் கேமராக் கண்ணாடி மங்கியது.

"கொஞ்சம் மூச்சை அடக்கிக்கோம்மா."

அடக்கிக்கொண்டாள். மார்பு அசையவில்லை.

திரை மங்கியது.

தெளிந்தது.

மறுபடி மங்கியது. அவசரமே இல்லாமல், அயர்ந்து தூங்குகிறவரின் மூச்சைப்போல.

டாக்டர் கேமராவை உருவினார். அங்கே எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றே வார்டில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தும் தேறவில்லை. என் விரலைப் பிடித்து இடது மூக்கின்மேல் வைத்துச் சொன்னாள்: "அதுக்குப் போதுது. எனக்குத்தான் பத்தலை."

மறுநாள், கட்டில்மேல் மதிய வெயில் விழுந்துகொண்டிருந்தபோது போய்விட்டாள்.

நர்ஸ் கண்களை மூடிவிட்டு, இரண்டு மூக்கிலும் பஞ்சு வைத்தார். நான் நெற்றியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

இடது பக்கத்துப் பஞ்சு மெல்ல நகர்ந்து வெளியே வந்து, அவள் உதட்டின்மேல் விழுந்தது.

நர்ஸ் இன்னொன்றை எடுத்து அழுத்தி வைத்தார்.

அதுவும் வந்தது.