புர்ஜுக்கு இடது பக்கம்

“ஐயோ... ரத்தம்!”

நேசபாயின் அலறலில் ஐஸ்கிரீம் கடைக்காரரின் கையிலிருந்த கோன் நழுவி விழுந்தது.

ஜுனைத் ஓடினான்.

முட்டம் பக்கம் அவன் கட்டிய ‘ஜுனைத் வேர்ல்டு’ தீம் பார்க்குக்கு இன்று மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. காலையில் சும்மா ஒரு சோதனை ஓட்டம். ஊர்க்காரர்களுக்கு அனுமதி இலவசம். அந்த இலவசத்தில் கிடைத்த முதல் பலன்தான் இந்த அலறல்!

பார்க்கின் நட்டநடுவில் வட்ட மேடை. சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

தரையில் ஒற்றைச் செருப்பு.

அதன் பக்கத்திலிருந்து சிவப்புச் சொட்டுகள்... வரிசையாக... பின்வாசல் வரைக்கும்!

“எனக்க மாப்ளயக் காணல!” நேசபாய் மார்பில் அடித்துக்கொண்டாள். “இது அவருக்க செருப்புதான்! பாத்ரூமுக்குப் பெய்ட்டு வாறேன்னு போன மனுஷன்... ஐயோ!”

ஜுனைத் செருப்பைப் பார்க்கவில்லை. சிவப்புச் சொட்டையும் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த மேடையைப் பார்த்தான்.

“எனக்க புர்ஜ் எங்க?”

“ஒம்ம கோழியா இப்பம் பெருசு? எனக்க மாப்ளயக் காணல வே!”

“கோழின்னு சொல்லாதீங்கம்மா... ஈமு!”

ஆமாம். ஈமு. ஆள் உயரம், இரும்புக் கால், கோபக்காரக் கண். துபாயில் ஒரு தீம் பார்க்கில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் ஜுனைத் ஒன்றைக் கவனித்திருந்தான். எந்தப் பார்க்காக இருந்தாலும் நடுவில் ஒரு பெரிய அடையாளம் இருக்கும். கோட்டை இருக்கும், கோபுரம் இருக்கும், ராட்டினம் இருக்கும். ஊருக்கு வந்ததும் அவனுக்கு ஒரு ஞானோதயம்! எல்லோரும் உயிரில்லாததை நிறுத்துகிறார்கள், நாம் உயிருள்ளதை நிறுத்தினால் என்ன?

கழுத்து நீளமாக இருந்ததால், அரபியில் கோபுரம் என்று பொருள்படும் புர்ஜ் என்ற பெயரை வைத்தான். நுழைவாயிலில் புர்ஜின் படம். டிக்கெட்டில் புர்ஜின் தலை. அதோடு விட்டானா? பார்க் முழுக்க பெயிண்ட் அடித்துப் பலகை வைத்தான்.

‘நீச்சல்குளம் – புர்ஜுக்கு வலது பக்கம்.’

‘கழிவறை – புர்ஜுக்கு இடது பக்கம்.’

‘வெளியே செல்லும் வழி – புர்ஜுக்கு நேர் பின்னால்.’

இப்போது புர்ஜ் இல்லை. வெளியே போக வழி தெரியாமல் ஒரு குடும்பம் நீச்சல்குளத்தையே மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது!

அவனுடைய மாமனார் செய்யது அலி அன்றைக்கே சொன்னார். குளச்சலில் மீன் வியாபாரம் செய்கிற மனிதர். நாக்கில் எப்போதும் உப்பு இருக்கும்.

“கால் இருக்கப்பட்டத வச்சு வழி சொல்லப்பிடாது மருமவனே. முட்டம் லைட் ஹவுசுக்குக் கால் மொளச்சிருந்தா வள்ளக்காரன்லாம் இன்னிக்கு எங்க போய் நிப்பான்? பேசாம ஒரு ஜெயன்ட் வீல் போடும்!”

“ஜெயன்ட் வீல் எல்லா ஊர்லயும் இருக்கு மாமா.”

“அது எல்லா ஊர்லயும் நின்ன எடத்துல நிக்கி! ஜெயன்ட் வீல் வாற வரைக்கும் ஒம்ம பார்க்குல நான் கால் வைக்க மாட்டேன். அந்தக் கோழிய என்னைக்காவது கண்டேன்னா... பிரியாணிதான்!”

பிரியாணி!

அந்தச் சொல் ஜுனைத்தின் மண்டைக்குள் ‘டங்’ என்று விழுந்தது.

* * *

ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ஜாஸ்பின் இறங்கினாள்.

“யாரு காணாமப் போனது?”

“புர்ஜ்!” என்றான் ஜுனைத்.

“ஞானதாசன்!” என்றாள் நேசபாய்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மொதல்ல மனுஷன்.”

நேசபாய் மூக்கைச் சிந்தினாள். “இன்னிக்கு எங்க சர்ச்ல அறுப்பின் பண்டிகை மேடம். எல்லாரும் வெளஞ்சதுல ஒண்ணக் காணிக்கையாக் கொண்டு வருவாவ. ஆராதனை முடிஞ்சதும் அத ஏலம் விடுவாவ. இந்த மனுஷனுக்கு அதுதான் ஆகாது. வருஷா வருஷம் ஒத்தத் தேங்கா கொண்டு வருவாரு. அதுவும் அழுகினது! இந்த வருஷம் அதுவும் இல்ல. ஏலம் தொடங்குகதுக்கு முன்ன என் கையப் புடிச்சு இழுத்துட்டு, இங்க ஓசின்னு வந்துட்டாரு!”

“யாருகூடயாவது தகராறு உண்டா?”

“கஞ்சன்கூட யாரு மேடம் தகராறு பண்ணுவா? பக்கத்துலயே வர மாட்டாவ!”

“போன் அடிச்சுப் பாத்தீங்களா?”

நேசபாய் கைப்பையைத் திறந்து ஒரு போனை எடுத்துக் காட்டினாள். “பேட்டரி தீந்துரும்னு எங்கிட்டக் குடுத்துட்டுல்லா போனாரு!”

ஜாஸ்பின் வாட்ச்மேன் ஜான்ரோஸ் பக்கம் திரும்பினாள். அந்த ஐம்பது வயது ஆசாமி ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தார்.

“வேலிக்கதவ யாரு தெறந்தா?”

“தீவனம் வைக்க நான்தான் மேடம் தெறந்தேன். கொக்கி போட மறந்துட்டேன்.”

“பின்வாசல்?”

“அது... ஐஸ்கிரீம் வண்டி வந்திச்சு மேடம். தெறந்தவன் பூட்டல.”

“அந்தத் தெறந்தவன் யாரு?”

“அதுவும் நான்தான் மேடம்.”

“கொள்ளாம்! ஒம்ம பேருக்கு முன்னால ‘வாச்மேன்’னு யாரு வே போட்டது?”

ஜாஸ்பின் குனிந்தாள். சிவப்புச் சொட்டு ஒன்றை விரலில் தொட்டாள். முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தாள்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“என்ன குரூப் ரத்தம் மேடம்?” ஜான்ரோஸ் கிசுகிசுத்தார்.

“ரோஸ் மில்க் குரூப்!”

“ஆங்! ஓசில குடுத்தாவ, ரெண்டு கப்பு வாங்குனாரு!” நேசபாயின் முகத்தில் உயிர் வந்தது. “கையில வச்சுட்டேதான் போனாரு!”

அப்படியானால் ஞானதாசன் பின்வாசல் வழியாக நடந்தே போயிருக்கிறார். புர்ஜும் அதே வழியாக...

ஜுனைத் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தான்.

“மேடம்... எனக்கு ஒருத்தர் மேல சந்தேகம் இருக்கு.”

“யாரு?”

“எனக்க மாமனார்!”

சொல்லி வாய் மூடவில்லை... அவனுடைய போன் அலறியது. மாமியார் மைமூன் பீவி! ஜாஸ்பின் ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினாள்.

“மக்கா ஜுனைத்து... மாமா அங்க வந்தாவளா?”

“இல்ல மாமி. ஏன்?”

“காலம்பற வாழக்குலை எடுக்கப் போறேன்னு வண்டிய எடுத்துட்டுப் போனாவ. போன எடுக்கல. போகும்போ... நம்ம வீட்டுப் பெரிய அண்டாவத் தூக்கி வண்டில வச்சாவ.”

ஜுனைத் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

“எந்த அண்டா மாமி?”

“கல்யாணத்துக்குப் பிரியாணி வைக்கமே... அதுதான்!”

போன் அவன் கையிலிருந்து நழுவியது. ஜாஸ்பின் லபக்கென்று பிடித்தாள்.

“மேடம்! முடிஞ்சு! எனக்க புர்ஜ் முடிஞ்சு! நாலு மணிக்கு ஊரே வருகு... நான் என்னத்தக் காட்டுவேன்? எலும்பையா?”

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஈமு முதன்முதலாக அவன் கையிலிருந்து கீரை தின்ற நாள் ஞாபகத்துக்கு வந்தது. கீரையோடு விரலையும் கொத்தியது. இருந்தாலும் பாசம் பாசம்தானே?

“வெப்ராளப்பட்டு அழாதீங்க. தெருமுனை டீக்கடையில கேமரா இருக்கு. வாங்க.”

* * *

டீக்கடை. சின்னத் திரை. ஜாஸ்பின் பட்டனைத் தட்டினாள்.

சைக்கிள் போனது. மீன்காரி போனாள். நாய் போனது.

பிறகு... நீலநிறப் பிக்கப் வண்டி!

“மாமாவுக்க வண்டி!”

பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஒரு பக்கம் அண்டாவின் விளிம்பு பளபளத்தது. வண்டி ஒரு குழியில் ஏறி இறங்கியது. தார்ப்பாய் விலகியது.

உள்ளேயிருந்து மெதுவாக... மிக மெதுவாக... ஒரு நீளக் கழுத்து எழுந்தது!

“புர்ஜ்ஜ்ஜ்!” ஜுனைத் திரையையே கட்டிப்பிடித்தான்.

“எடு ஜீப்ப!” என்று கத்தினாள் ஜாஸ்பின்.

எடுக்கத் தேவையே இருக்கவில்லை. பார்க்கின் வாசலிலிருந்து ‘பாம்... பாம்...’ என்று ஹாரன் சத்தம்.

நீலநிறப் பிக்கப்!

ஓடிப்போய்ப் பார்த்தால் செய்யது அலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

“என்ன மருமவனே, திறப்பு விழாவுக்குப் போலீஸ் பந்தோபஸ்தா? கெத்துதான்!”

“மாமா! எனக்க புர்ஜ என்ன செய்தீங்க?”

“ஒம்ம புர்ஜயா? அத நான் ஏன் வே தொடுகேன்? நாலு மணிக்கு வாறவனுக்கெல்லாம் சோறு போடாண்டாமா? அதுக்குத்தான் அண்டா. ஆட்டுக்கறி பொறவு வருகு. இது வேற...”

குரலைத் தாழ்த்தினார். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“நான் உம்மள ரொம்பத்தான் கேலி பண்ணிப்போட்டேன். எனக்க மவ சஃப்னா ராத்திரி அழுதா. மனசு கேக்கல. அதுதான்... ஒம்ம புர்ஜ் ஒத்தையில நிக்கில்லா? அதுக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வந்திருக்கேன்!”

தார்ப்பாயை உருவினார்.

நீளக் கழுத்து. கோபக்காரக் கண். ஜுனைத்தைக் கண்டதும் அது அவன் விரலைக் குறிபார்த்துக் கொத்தியது.

“ஆ! மாமா... இது ஜோடி இல்ல! இதுதான் புர்ஜ்!”

“என்னது?” செய்யது அலியின் சிரிப்பு உறைந்தது. “ஒம்ம பார்க்குக்குள்ளதான் நான் வந்ததே இல்லயே! படத்துல பாத்ததுதான். சவம், எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சில்லா!”

“இது உங்களுக்கு எங்க கெடச்சு?” ஜாஸ்பின் கேட்டாள்.

“சர்ச் ஏலத்துல. வருஷா வருஷம் நேந்திரங்குலை எடுக்க நான் போறது உண்டு. இன்னிக்கு ஒரு புண்ணியவான் இதக் காணிக்கையாக் கொண்டு வந்திருந்தாரு. ஓட்டல்காரன் ஒருத்தன் போட்டிக்கு நின்னான். அவன் கண்ணு இதுக்க தொடையிலயே இருந்து. விடுவேனா? இவனுக்க வாணலியில போறதுக்குப் பதிலா எனக்க மருமவனுக்க வட்டத்துல நிக்கட்டும்னு கேட்டேன் பாரும்... வெரல்ல கெடந்த மோதிரம் போச்சு!”

பிரியாணி வைத்துவிட்டார் என்று நினைத்த மனிதர்தான் வாணலியிலிருந்து புர்ஜைக் காப்பாற்றியிருக்கிறார்! கூச்சத்தில் அவன் தலை தானாகக் கவிழ்ந்தது.

“புண்ணியவான் யாரு?” ஜாஸ்பின் விடவில்லை.

பிக்கப்பின் முன்கதவு தயங்கித் தயங்கித் திறந்தது.

ஒரு கால் இறங்கியது. செருப்பில்லை. இன்னொரு கால் இறங்கியது. செருப்பு இருந்தது. மேலே பளபளவென்று பொன்னாடை!

“எனக்க மாப்ள!” நேசபாய் வீறிட்டாள்.

ஞானதாசன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான் களவாங்கல மேடம். பாத்ரூம் எங்கன்னு கேட்டேன். புர்ஜுக்கு இடது பக்கம்னாவ. நான் இடது பக்கமாப் போனேன். அது நடந்திச்சு. நானும் நடந்தேன். பாத்ரூமுக்குத்தான் போகுன்னு நெனச்சேன்... அது நேரா சர்ச்சுக்குள்ள போய் காணிக்கைக் கீரைக்கட்டுல வாய வச்சிட்டு!”

“பொறவு?”

“கமிட்டிக்காரர் அதப் பாத்தாவ. பக்கத்துல என்னப் பாத்தாவ. ‘நம்ம ஞானதாசன் இந்த வருஷம் ஆள் உயரக் கோழி கொண்டு வந்திருக்காரு’ன்னு மைக்குல சொல்லிப்போட்டாவ. பொன்னாடை போட்டாவ. சபையே எந்திரிச்சுக் கை தட்டிச்சு...” அவர் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “எனக்கு மேடம்! இந்த ஒத்தத் தேங்காக்காரனுக்கு! அப்பம் எப்படி மேடம் எனக்குள்ளது இல்லன்னு சொல்லுவேன்?”

நேசபாய் பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள். “நல்ல துணியாத்தான் இருக்கு!” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜாஸ்பின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள்.

“களவு போனது ஈமு. களவாண்டதும் ஈமு. நான் கேஸ் எழுதணும்னா ‘குற்றவாளி: புர்ஜ், கையெழுத்து போடத் தெரியாது’ன்னுதான் எழுதணும். நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க.”

“மோதிரத்த நான் மீட்டுத் தாறேன் மாமா,” என்றான் ஜுனைத். “சர்ச்ல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஞானதாசன் அண்ணனுக்க கைதட்டல் அவருக்கே இருக்கட்டும். எனக்கு நாலு மணிக்குப் புர்ஜ் மேடையில நின்னாப் போதும்!”

“நிக்குமா?” செய்யது அலி தாடியைத் தடவினார். “லைட் ஹவுஸ் மாதிரி நிக்குமா வே?”

“நிக்கும் மாமா! இனி இது எங்கயும் போவாது! ஜான்ரோஸ், கேட்டெல்லாம் பூட்டியாச்சா?”

“இப்பம்தான் தெறந்தேன் சார்! ரெண்டாவது ஐஸ்கிரீம் வண்டி வருகு!”

“எல்லாம் செரி...” ஞானதாசன் கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்தார். “காலம்பற இருந்து அடக்கிட்டு நிக்கேன். மேடையில உக்கார வச்சுட்டாவ, எந்திரிக்கவே விடல. அந்தப் பாத்ரூம் எங்கதான் இருக்கு?”

பழக்கதோஷம்! ஜுனைத்தின் வாய் முந்திக்கொண்டது.

“புர்ஜுக்கு இடது பக்...”

நாக்கைக் கடித்தான். பிரயோஜனம் இல்லை!

பிக்கப்பிலிருந்து ‘தொப்’ என்று குதித்தது புர்ஜ். சிலிர்த்துக்கொண்டது. பின்வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தது. அதன் இடது பக்கத்தில், பொன்னாடை காற்றில் பறக்க, ஒற்றைச் செருப்போடு ஞானதாசன்!

“ஐயையோ... மதியத்துக்கு மேல அங்க ரெண்டாவது ஏலம் உண்டே!” என்று கத்தினாள் நேசபாய்.

செய்யது அலி வெறும் விரலைத் தூக்கிக் காட்டினார்.

“ஓடும் மருமவனே, ஓடும்! இந்தத் தடவ ஏலம் கேக்கது உம்ம முறை!”