ஸ்பின்னருக்குள் ஒரு சட்டை

போன் அடித்தது.

நிர்மலா எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், தான் தானம் செய்யும் மிக்ஸியைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார்.

ஓடுகிற, ஆனால் வீட்டுக்கு வேண்டாத மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்... வாங்கி, இல்லாத வீட்டில் சேர்ப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது. போட்டோ உண்டு. அதில் அவள் இருக்க மாட்டாள்.

மறுபடி போன்.

கல்வராயன் மலையிலிருந்து பவானி. படுக்கையில் கிடக்கும் மாமியாரின் துணியைத் துவைத்தே கை வெடித்துப்போனவள். நேற்றுதான் அவளுக்கு ஒரு வாஷிங் மெஷின் இறக்கியிருந்தாள் நிர்மலா.

“அக்கா, துணி பிழியற பக்கம் ஒரு கறுப்பு கவரு கீதுக்கா.”

நிர்மலா துவைக்கிற பக்கத்தை மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

“இன்னா கீது உள்ள?”

“வெள்ளச் சட்ட. பூரா ரத்தம். அதுல ஒரு செல்லு சுத்திக் கீது... பின்னால கவியரசன்னு பேரு ஒட்டியிருக்குது.”

நிர்மலாவுக்குத் தெரிந்த பேர்.

கவியரசன்... கச்சிராயபாளையத்தில் இளஞ்செழியனின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். நிலத்தை விட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனவன். போன வாரம் வாய்க்காலில் பிணமாக மிதந்தவன். குடித்துவிட்டு விழுந்தான் என்றது ஊர். ஊருக்கு அப்படிச் சொன்னவர் இளஞ்செழியன். பிணத்துக்கு முதல் மாலை போட்டவரும் அவரே.

மெஷின் வந்தது அவர் வீட்டிலிருந்து. கொடுத்தது அவர் மனைவி இசைவாணி.

“பவானி, அப்டியே கட்டி வச்சிடு. யாருகிட்டயும் சொல்லாத.”

வைத்த கையோடு அடுத்த அழைப்பு.

“இளஞ்செழியன் பேசறேன்மா. நான் சென்னையில இருந்தப்ப வூட்ல தெரியாம மெஷின குடுத்துட்டா. எங்க கீது அது?”

“குடுத்துட்டமேங்க.”

“அவங்களுக்குப் புதுசே வாங்கித் தரேன். பழசு எனக்கு வேணும். ராசியான மெஷினு.”

ராசியான வாஷிங் மெஷின்... சிரிக்க வேண்டிய இடம். நிர்மலாவுக்கு வியர்த்தது. மறைத்தால் எப்படியும் தேடிப் பிடிப்பார். அப்போது பவானி தனியாக இருப்பாள்.

“நாளைக்கு மலைக்கு வாங்க. நானே கூட்டிக்கினு போறேன்.”

போனை வைத்தவள், வாத்தியாரையும் மிக்ஸியையும் அப்படியே விட்டுவிட்டு எஸ்.பி. ஆபீசுக்கு ஓடினாள்.

மறுநாள் இளஞ்செழியன் டிரைவர் இல்லாமல் வந்தார். நிர்மலா பவானியின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பவானிக்கு வணக்கம் சொல்லவில்லை. நேராக மெஷினுக்குப் போய், பிழிகிற பக்கத்தில் தோள்வரை கையை விட்டார்.

காலி.

“தேடறது இதுங்களா?”

உள்ளறையிலிருந்து பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் கட்டிய கறுப்பு கவர்.

இளஞ்செழியனின் முகம் வெளிறியது. “அந்தச் சட்ட என்னுது இல்லைங்க மேடம்...”

“கவரு கட்டித்தானே கீது? சட்டன்னு நான் சொல்லலியே.”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

இசைவாணியிடம் சொல்ல இன்ஸ்பெக்டரோடு நிர்மலாவும் போனாள். ஓசியில் ஒரு மெஷின் வாங்கப் போய், ஒரு குடும்பத்தையே உடைத்தாயிற்று.

“என்ன மன்னிச்சிடும்மா. என்னாலதான்...”

“காப்பி ஆறிடப் போவுதுக்கா” என்றாள் இசைவாணி.

இன்ஸ்பெக்டர் டம்ளரைத் தொடவில்லை. “ஒளிக்கறவரு எதுக்கு மெஷின்ல ஒளிச்சாரு?”

“அவரு பரண்லதான் ஒளிச்சாரு. மெஷின்ல வச்சது நானு.”

நிர்மலா நிமிர்ந்தாள்.

“வர்ற போற அதிகாரிங்களுக்கெல்லாம் இந்த வூட்ல நான்தான் பரிமாறுவேன். யாருகிட்ட போய்ச் சொல்ல? வெளியாளு கையில கெடச்சாத்தான் வெளிய வரும்.”

“அப்ப அவரு ஏன் மலைக்கு ஓடினாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கவர காணோம்னு பரண உருட்டிக்கினு இருந்தாரு. மெஷினுக்குள்ள போட்டுக் குடுத்துட்டேன்னு, ஒண்ணும் தெரியாத மாதிரி நான்தான் சொன்னேன். அவரே தேடிப் போய் மாட்டட்டும்னுதான்.”

நிர்மலாவின் மடியில் காப்பி சிந்தியது. “அவரு எனக்கு எதுனா செஞ்சிருந்தா இன்னாம்மா பண்ணியிருப்ப?”

“தப்புதான்க்கா.” முதல் தடவையாக அவள் கண் கலங்கியது. “பொண்டாட்டி பேச்ச இந்த ஊரு கேக்காது.”

வாசலில் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருந்த புருஷனை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள்.

“மெஷினுக்கு மலையில வூடு பாத்தீங்க. இவருக்குக் கடலூர் ஜெயில்ல பாத்துடுவாங்க. நல்லா ஓடற கண்டிஷன்தான்க்கா... எனக்கு வேணாம்.”