தலைமாட்டில் இரண்டு கைகள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுங்களா, போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயிண்டரின் கதை சொல்கிறேன்.

சாரத்திலிருந்து விழுந்தவனுக்குக் கழுத்தெலும்பு தடம் புரண்டிருந்தது. மண்டையின் இரு பக்கமும் இடுக்கியை முடுக்கி, அதில் கயிறு கட்டி, தலைமாட்டுக் கப்பி வழியாக எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த இழுப்பில்தான் எலும்பு மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வர வேண்டும்.

"ஒரு நூல் பிசகினாலும் கை கால் போயிடும்ப்பா" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பார்க்க வர ஆளில்லை. கண்ணுக்கு நேரே இருந்த கூரைதான் அவனுக்குத் துணை.

"சிஸ்டர், இந்தச் சீலிங்கை எந்த மகராசன் அடிச்சான்? பட்டி பூசி மட்டமே பண்ணலயே!"

"கழுத்து சேரட்டும், நீயே வந்து அடி. இப்ப வாயை மட்டும் ஆட்டு."

முதுகு புண்ணாகாமல் அவனைப் புரட்ட நாலு பேர் வருவார்கள். தலையைப் பிடிப்பவர் சொன்னால்தான் மற்றவர்கள் அசைக்கலாம். அன்று மாலை புரட்டி முடித்து, கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். கயிறு சுவரில் உரசியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. வார்டில் அரவமே இல்லை. அவன் மூச்சு விடும்போதெல்லாம் கயிறு தேய்ந்தது. நார் நாராக எதுவோ அறுவது மண்டைக்குள்ளேயே கேட்டது. சிஸ்டரைக் கூப்பிடும் மணி, அசையாமல் எட்டும் தூரத்தில் இல்லை.

ஈரச் சோப்பு வாசனை வந்தது.

சில்லென்று இரண்டு கைகள் காதோரம் அணைத்துப் பிடித்தன.

"அசையாத, சாமி."

கயிறு அறுந்து, எடைக்கல் தரையில் விழுந்து அதிர்ந்தது.

தலை மயிரிழையும் நகரவில்லை.

ஓடிவந்த சிஸ்டர் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"யாரு சிஸ்டர் பிடிச்சிருக்கா?"

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

"யாரும் இல்லப்பா" என்றாள்.

விழுந்த நாள் முதல், வேலைக்காக அல்லாமல் அவனை யாரும் தொட்டதில்லை.

"போயிடாதீங்க" என்றான், கூரையைப் பார்த்து.

புதுக் கயிறு மாட்டி, எந்திரத்தைக் கட்டிலருகே உருட்டி வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு அச்சாகச் சேர்ந்திருந்தது.

"படம் எடுக்கறப்ப ஏன்யா கையை வெச்சே?" என்று எக்ஸ்ரேக்காரரைக் கடிந்தார்.

"நான் வாசல்ல நின்னேன் சார்."

படத்தில், தாடையின் இரு புறமும் மெல்லிய விரலெலும்புகள். விரிந்து, பிடித்தபடி.

போய்ப் படுங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் எந்தத் தலை சாய்ந்தாலும் தாங்க ஒரு கை இருக்கட்டும். அது சூடுள்ள கையாகவே இருக்கட்டும்.