கிணற்றுத் தரை

ஜாடிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. கழுவித் துடைத்து, சம்பத்தின் ஸ்பேனர்களுக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் நடுவே, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பொட்டெல்லாம் அழகாகத்தான் இருந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை.

நிவேதிதா தோள்பையைக்கூட இறக்காமல் நின்றாள். காலையில் அவள் கிளம்பும்போது அந்த ஜாடிகளில் ஃபார்மலினும் லாந்தர் மீன்களும் இருந்தன. விரல் நீள ஆழ்கடல் மீன்கள், வயிற்றில் வரிசையாக விளக்குப் புள்ளிகள். மூன்று வருடம் ஆராய்ச்சிக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே சேர்த்தவை. கல்லூரி லேபில் மழை ஒழுகுகிறதே, வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று முத்தாபுதுப்பேட்டை வரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நல்ல பத்திரம்!

"எங்க என் மீனு?"

"கெணத்துல கொட்டிட்டேன்," என்றான் அவள் புருஷன் சம்பத், வாழைக்கன்றைக் கேட்டில் கட்டிக்கொண்டே. "ஆயுத பூஜயன்னிக்கு செத்த மீன ஊட்ல வெச்சிகினு சாமி கும்புட சொல்றியா? உன் தொழில் சாமானாச்சேன்னு ஜாடிக்குப் பொட்டு வெச்சிகீறேன் பாரு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆவடி ஃபேக்டரியில் இவனுடைய ஒரு நட்டை எவனாவது இடம் மாற்றி வைத்தால் ஊரைக் கூட்டுவான். அவளுடையதென்றால் மட்டும் குப்பை.

"எறங்கு," என்றாள். "எறங்கிப் பொறுக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் மேல வராத."

சம்பத் அவள் முகத்தைப் பார்த்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டோடு கொல்லைக்கு நடந்தான்.

இந்த மனைகளெல்லாம் நெல் விளைந்த நிலமாக இருந்தபோது வெட்டிய கிணறு அது. ஆழம் அதிகமில்லை, அடியில் பாறை. போன கோடையில்தான் சம்பத்தே இறங்கித் தூர் வாரினான். கம்பிவலையை நகர்த்தி, சுவரில் பதித்த இரும்புப் படிகளில் அவன் இறங்க, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த வானத்தின் கீழே நிவேதிதா செல்போன் டார்ச்சை அடித்தபடி நின்றாள். ஃபார்மலின் நெடி மூக்கைச் சுட்டது. அதற்கும் அடியிலிருந்து வேறொரு வாசனை வந்தது. குளிர்ந்த, உப்பான, பல நாள் கரையைப் பார்க்காத தண்ணீரின் வாசனை. தெருமுனை ஸ்பீக்கரின் பாட்டு எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை.

"தண்ணி கணுக்கால் அளவுதான் கீது," அவன் குரல் கிணற்றுக்குள் உருண்டது. "ஒரு மீனயும் காணோம். தரதான் மெத்துனு கீது."

"சேறு. கைய விட்டுத் தேடு."

தண்ணீரை அளையும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நிவி, இது சேறில்ல. நெளியுது."

பொய் சொல்கிறான். வேலைக்குச் சோம்பல் பட்டுக்கொண்டு கதை விடுகிறான். டார்ச்சை அவன் மேல் திருப்பினாள். சற்று முன் மோட்டார் பைப்பின் வளைவுக்குக் கீழே இருந்த அவன் தலை இப்போது அதைத் தாண்டியிருந்தது.

"ஏறாதன்னு சொன்னேன்ல!"

"நா எங்க ஏறுறேன்?" சம்பத் அண்ணாந்து பார்த்தான். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. "நின்னுகினுதான் கீறேன்."

அவள் கோபம் அந்த இடத்திலேயே உறைந்தது.

பகலெல்லாம் ஆழத்தில் கிடந்து, இருட்டினால் மேலே ஏறும் மீன் அது. லட்சம் லட்சமாக, இடைவெளியே இல்லாமல். கப்பலிலிருந்து ஒலி அனுப்பி ஆழம் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தைக் கடலின் தரை என்றே ஒரு காலத்தில் நம்பினார்கள். பொழுது சாய்ந்ததும் தரை ஏன் எழும்பி வருகிறதென்றுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

சம்பத் நின்ற தரை எழும்பிக்கொண்டிருந்தது.

அவன் பாதத்தைச் சுற்றிக் கறுத்த முதுகுகள். பெரிய பெரிய கண்கள். இடுக்குகளில் நீல வெளிச்சம், கீழ்நோக்கி. கீழே பாறை இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது.

செத்த மீன் ஒளிராது. ஃபார்மலினில் ஊறிய மீன் ஒளிரவே ஒளிராது.

"ஏறுடா! படியப் புடிச்சி ஏறு!"

"காலு வரல நிவி."

வயிற்றில் எதற்கு விளக்கு? அவளே பிள்ளைகளுக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருக்கிறாள். மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்து, தன் நிழலை மறைக்க. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் ஒன்றின் கண்ணில் படாமல் இருக்க.

சம்பத்துக்கு விளக்கில்லை. அவள் வேறு அவன் தலைக்கு மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

போனை வீசினாள். குப்புறப் படுத்தாள். கையை நீட்டினாள். தரை அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது, நிதானமாக, அவன் தலை விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரும்வரை. மணிக்கட்டு கிடைத்தது. சில்லென்று.

"புடிச்சிட்டேன். வாடா சனியனே. வா."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

வெளிச்சம் மொத்தமும் அணைந்தது. தரை இரண்டாகப் பிரிந்து சுவரோரம் ஒதுங்கியது, கீழேயிருந்து வரும் எதற்கோ வழி விடுவதுபோல.

முழு கனமும் அவள் கையில் இறங்கியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டே இரண்டு கையாலும் இழுத்தாள்.

சம்பத் கத்தவில்லை. இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு அவள் பிடியில்தான் இருந்தது.

கனம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.